பென்னலூரில் பார் திறக்க யாரைக் கேட்க வேண்டும்?

தமிழ்நாட்டில் ஒரு ஓட்டலுக்கோ கிளப்புக்கோ மது பரிமாற உரிமம் கொடுக்கும் அதிகாரம் எந்த உள்ளாட்சி மன்றத்துக்கும் கிடையாது. கொடுக்கவும் முடியாது, தடுக்கவும் முடியாது. ஊராட்சித் தலைவர் கையெழுத்து வேண்டாம். வார்டு உறுப்பினர் சம்மதம் வேண்டாம். கிராம சபை கூடிக் கை தூக்க வேண்டாம். பெட்டிக்கடை போட்டாலே ரசீதுப் புத்தகத்தோடு வந்து நிற்கிற ஊராட்சி, பார் திறக்கிற விஷயத்தில் மட்டும் வேடிக்கை பார்க்கிற ஆள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உள்ளாட்சியின் கருத்து தேவையில்லையே தவிர, அதன் பெயர்ப்பலகை கட்டாயம் தேவை. அந்த இடம் மாநகராட்சியா, நகராட்சியா, ஊராட்சியா என்பதை வைத்துத்தான் கோயிலில் இருந்து எத்தனை மீட்டர், நெடுஞ்சாலையில் இருந்து எத்தனை மீட்டர், சில உரிமங்களுக்குக் கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் முடிவாகின்றன. ஊர் எதுவும் சொல்ல வேண்டாம், எந்த வகை ஊர் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்கிற ஏற்பாடு.

இதைப் புரிந்துகொள்ளத் தோதான ஊர் பென்னலூர். காஞ்சிபுரம் மாவட்டம், ஸ்ரீபெரும்புதூர் வட்டம். சென்னையில் இருந்து பெங்களூரு போகிற தேசிய நெடுஞ்சாலை 48இல் (பழைய ஆட்களுக்கு இன்னும் அது என்.எச். நாலுதான்) இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டி, ஸ்ரீபெரும்புதூர் வருவதற்கு முன்னால் இருக்கிறது. ஒரு கை தூரத்தில் ஹூண்டாய் ஆலை. 1998இல் அங்கிருந்து சான்ட்ரோ கார்கள் வரத் தொடங்கிய பிறகுதான் இந்தப் பக்கத்தின் நிலத்துக்கு விலை வந்தது. ஊரிலேயே ஒரு பொறியியல் கல்லூரி. மேற்கே போனால் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங், ஃபாக்ஸ்கான். தெற்கே இறங்கினால் ஒரகடத்தில் ரெனோ-நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு. பக்கத்து ஊர் ஸ்ரீபெரும்புதூரோ ராமானுஜர் பிறந்த ஊர்.

ஆக, ஒரே சாலையில் கோயில், கல்லூரி, ஆலை, நெடுஞ்சாலை நான்கும் இருக்கின்றன. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்குகிற ஒப்பந்தத் தொழிலாளி இருக்கிறார். மூன்று வருடத்துக்கு என்று வந்து தங்கியிருக்கிற கொரிய மேலாளர் இருக்கிறார். முன்னவருக்கு அரசின் டாஸ்மாக் மதுக்கடை. பின்னவருக்கு நட்சத்திர ஓட்டல் பார். இரண்டுக்கும் இடையில் நிற்கிற மூன்றாவது ஆள், அதே ஊரில் வீடு கட்டிக் குடியிருக்கிறவர். அவரை யாரும் கேட்பதில்லை என்பதுதான் விஷயம்.

ஏன் கேட்பதில்லை?

அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் போதை தரும் மதுபானம் மாநிலப் பட்டியலின் 8ஆவது இனம். தயாரிப்பு, வைத்திருத்தல், எடுத்துச் செல்லுதல், வாங்குதல், விற்றல் எல்லாம் மாநிலத்தின் கையில். பஞ்சாயத்துகளுக்கு என்று 73ஆவது திருத்தம் சேர்த்த பதினோராவது அட்டவணையில் 29 பொருள்கள் இருக்கின்றன. குடிநீர் இருக்கிறது, கிராம மின்வசதி இருக்கிறது, கால்நடை, மீன்வளம், நூலகம், சந்தைகூட இருக்கிறது. மது இல்லை.

இன்னொரு காரணம் பழையது. இன்றைக்கும் தமிழ்நாட்டில் பார் உரிமம் தரப்படுவது எந்தச் சட்டத்தின் கீழ் தெரியுமா? 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ். ராஜாஜி அரசு கொண்டுவந்து, அந்த ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் முதலில் நடைமுறைப்படுத்திய அதே சட்டம். 1948 அக்டோபர் 2இல் மாகாணம் முழுக்க வந்தது. 1971இல் தளர்ந்து, சில ஆண்டுகளில் திரும்ப இறுகி, 1981இல் மறுபடியும் தளர்ந்தது. சட்டத்தை யாரும் எடுத்துப் போடவில்லை. மது கூடாது என்கிற சட்டத்தில் ஓட்டை போட்டு, அந்த ஓட்டைக்கு உரிமம் என்று பெயர் வைத்தார்கள். எல்லாவற்றையும் தடுத்துவிட்டு மேலிருந்து விலக்கு கொடுக்கிற அமைப்பில் கீழே இருக்கிறவரிடம் கேட்க வேண்டிய அவசியமே வராது. விலக்கு என்பது சலுகை. சலுகையைக் கோட்டைதான் கொடுக்கும்.

(துறையின் பெயரைப் பாருங்கள்: மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. விலக்குவதும் அவர்களே, அதில் வரி வாங்குவதும் அவர்களே.)

விடுதி, கிளப், உணவகம் என்று வந்தால் 1981ஆம் ஆண்டின் உரிம விதிகள்தான் வேதம். அதில் இரண்டு எண்கள் எல்லோருக்கும் தெரியும். எஃப்.எல்.2 கிளப்புகளுக்கு. எஃப்.எல்.3 நட்சத்திர ஓட்டல்களுக்கு. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழக ஓட்டல்களுக்குத் தனியாக எஃப்.எல்.3ஏ. விண்ணப்பம் மாவட்ட ஆட்சியர் அலுவலகம், காவல்துறை என்று அறிக்கைகளுக்காகச் சுற்றிவிட்டு, சென்னையில் ஆணையர் மேசைக்குப் போகும். அந்தச் சுற்றில் ஊராட்சி அலுவலகம் ஒரு நிறுத்தம் இல்லை.

கவனித்தால் தெரியும், தனி உணவகத்துக்கு என்று ஒரு பிரிவே இதில் கிடையாது. பெங்களூருவில் சி.எல்.9 என்ற உரிமம் வாங்கிக்கொண்டு, அறை வாடகைக்கு விடாமலேயே ஓர் உணவகம் பார் நடத்தலாம். அதே நெடுஞ்சாலையில் இந்த முனையில் அது முடியாது. தங்கும் அறைகளோடு நட்சத்திரத் தகுதி வாங்கிய ஓட்டலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கிளப்பாக இருக்க வேண்டும். இதனால்தான் இந்தத் தொழிற்பேட்டை ஓரங்களில், கொரிய எழுத்தில் பலகை வைத்த சிறிய சாப்பாட்டுக் கடைகளுக்குச் சட்டப்படி ஒரு பாட்டில் பீர்கூட மேசையில் வைக்க வழியில்லை. பெரிய ஓட்டல்காரருக்கு வழி உண்டு.

கிளப் கதை தனி. எஃப்.எல்.2 என்பது உறுப்பினர்களுக்கும் அவர்களுடைய விருந்தினர்களுக்கும் மட்டும். டென்னிஸ், சீட்டு, நீச்சல் குளம் என்று இருக்கிற பழைய கிளப்புகளை மனத்தில் வைத்து எழுதிய விதி. ஊர்ப்பக்கம் இதற்குப் பெயர் ‘மனமகிழ் மன்றம்’. (இவ்வளவு அழகான தமிழ்ப் பெயர் வேறு எந்த உரிமத்துக்கும் கிடைத்ததில்லை.) பல இடங்களில் இந்த மன்றங்கள் பெயருக்கு ஒரு கேரம் போர்டும் உள்ளே ஒரு பாருமாக நடக்கின்றன என்பது ஊருக்கு ஊர் எழுகிற புகார். டாஸ்மாக் மூடிய தெருவில் மனமகிழ் மன்றம் முளைத்தது என்று மக்கள் மறியல் செய்த செய்திகள் பல மாவட்டங்களில் இருந்து வந்திருக்கின்றன.

மூன்றாவது வகை, எண்ணிக்கையில் பெரியது: டாஸ்மாக் கடையோடு ஒட்டிய பார். டாஸ்மாக் 1983இல் மொத்த வியாபாரத்துக்காகத் தொடங்கப்பட்டது. 2003 நவம்பர் 29இல் இருந்து சில்லறை விற்பனையும் அதன் ஏகபோகம். அந்த ஆண்டில் போட்ட சில்லறை விற்பனை விதிகளின் கீழ், கடைக்கு அருகில் பார் நடத்தும் உரிமை டெண்டரில் தனியாருக்குப் போகிறது. காகிதத்தில் அதன் பெயர் பார் உரிமை என்றாலும், ஏலம் எடுத்தவர் செய்யலாம் என்று சொல்லப்படுவது இரண்டே வேலை: தின்பண்டம் விற்பது, காலி பாட்டில் பொறுக்குவது. சுண்டலும் அவித்த முட்டையும் விற்று மாதாமாதம் அத்தனை பெரிய தொகை கட்ட முடியுமா என்று கேட்பவர்கள் அந்தத் தொழிலை அறியாதவர்கள்.

இப்படி ஏலம் விட டாஸ்மாக்குக்குச் சட்டத்தில் இடமில்லை, ஆறு மாதத்துக்குள் பார்களை மூடுங்கள் என்று 2022 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர் உத்தரவிட்டார். விஷயம் மேல்முறையீட்டுக்குப் போனது. பார்கள் தொடர்ந்தன.

சரி, தூரம் அளக்கிற டேப் விஷயத்துக்கு வரலாம். இந்த முழு ஏற்பாட்டிலும் ஊர்க்காரருக்கு இருக்கிற ஒரே ஆயுதம் அதுதான்.

2003 விதிகளின் 8ஆவது விதி இப்படிச் சொல்கிறது: மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுத் தலம் அல்லது கல்வி நிலையத்தில் இருந்து 50 மீட்டருக்குள் கடை கூடாது. மற்ற இடங்களில் 100 மீட்டர். ‘மற்ற இடங்கள்’ என்றால் பேரூராட்சியும் ஊராட்சியும். அதாவது, பென்னலூர் ஊராட்சியாக இருக்கும்வரை பிள்ளையார் கோயிலில் இருந்து 100 மீட்டர் தள்ளித்தான் கடை. ஓர் ஊராட்சி ஏதோ ஒரு நகராட்சியோடு இணைக்கப்பட்டால், இணைந்த அன்றைக்கே அந்த 100 பாதியாகிவிடும். கோயில் நகரவில்லை, கடையும் நகரவில்லை. பலகை மட்டும் மாறுகிறது.

அளப்பதும் காக்கை பறக்கிற நேர்கோட்டில் இல்லை. கடை வாசலின் நடுப்புள்ளியில் தொடங்கி, நடந்து போகிற ஆள் வழக்கமாகப் போகிற மிகக் கிட்டத்து வழியாக, பள்ளியின் அல்லது கோயிலின் வாசல் நடுப்புள்ளி வரைக்கும். இங்கேதான் சண்டை. ‘வழக்கமாகப் போகிற வழி’ எது? வேலிச் சந்து வழியாகப் பிள்ளைகள் குறுக்கே ஓடுவது வழக்கமா, இல்லை தார்ச்சாலையைச் சுற்றிப் போவது வழக்கமா? சந்து வழி அளந்தால் 80 மீட்டர் வருகிற இடம், தார்ச்சாலையில் 120 வரும். கடைக்காரத் தரப்பு தார்ச்சாலையைக் காட்டும். ஊர்த் தரப்பு சந்தைக் காட்டும். வருவாய் ஆய்வாளரும் கிராம நிர்வாக அலுவலரும் ஆளுக்கொரு முனையில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க, சுற்றி ஐம்பது பேர் நின்று, “சார், அந்தக் கேட்டைப் பூட்டி வெச்சிருக்காங்க, பசங்க இப்படித்தான் போகும்” என்று கத்துகிற காட்சி தமிழ்நாட்டில் எந்தத் தாலுகாவுக்கும் புதிதில்லை. கடை வந்த பிறகு கட்டிய கோயிலுக்கு இந்த விதி உதவாது என்பதால், ராத்திரியோடு ராத்திரியாக வேப்பமரத்தடியில் முளைக்கிற அம்மனாலும் பயனில்லை.

இதைவிட முக்கியமான வரி அதே விதியின் அடியில் இருக்கிறது. நகரமைப்பு அதிகாரிகள் ‘வணிகப் பகுதி’ அல்லது ‘தொழில் பகுதி’ என்று வகைப்படுத்திய இடங்களில் இந்தத் தூரக் கட்டுப்பாடே பொருந்தாது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று சிப்காட் வளாகங்களாகவே நீள்கிற ஒரு பகுதியில் இந்த வரி எவ்வளவு நிலத்தைத் தூக்கி விழுங்கும் என்று யோசித்தால் போதும். வரைபடத்தில் ஊதா நிறம் அடித்த இடத்தில் டேப்புக்கு வேலையில்லை. நிலத்தின் வகைப்பாடு மாறும்போது பள்ளிக்கூடத்தின் பாதுகாப்பும் சேர்ந்து மாறுகிறது என்பதை எந்த வகைப்பாட்டு அறிவிப்பும் ஊருக்கு எடுத்துச் சொல்வதில்லை. இந்தத் தொழிற்பேட்டைக்காரர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விதி இதுதான். தெரிந்தவர்கள் குறைவு.

அடுத்து நெடுஞ்சாலை. 2016 டிசம்பர் 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் வெளி ஓரத்தில் இருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. வழக்கின் பெயரே ‘தமிழ்நாடு அரசு எதிர் கே.பாலு’. பா.ம.க. வழக்கறிஞர் பாலு தொடுத்த வழக்கில் இருந்து வந்த தீர்ப்பு அது. 2017 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் ஒரே நாளில் மூடின. கடைக்கு மட்டும்தானே, ஓட்டல் பாருக்கு இல்லையே என்று கேட்டுப் போனவர்களுக்கு மார்ச் 31ஆம் தேதி பதில் வந்தது: பாருக்கும் உண்டு. அதே உத்தரவில் ஒரு சலுகை. மக்கள்தொகை 20,000 அல்லது அதற்குக் கீழே உள்ள உள்ளாட்சிப் பகுதிகளில் 500க்குப் பதில் 220 மீட்டர். பென்னலூர் போன்ற சிறிய ஊராட்சிகளுக்கு இந்த 220தான் கணக்கு.

220 மீட்டர் என்பது எவ்வளவு? நெடுஞ்சாலையை ஒட்டி நீள்கிற ஊரில் 220 மீட்டர் உள்ளே போனால் வயலோ, ஏரிக்கரையோ, குடியிருப்போதான் வரும். சாலையோரக் கடை ஊருக்குள் நுழைந்தது இப்படித்தான். குடித்துவிட்டு வண்டி ஓட்டி விபத்தாகிறது என்று சொல்லப்பட்ட தீர்ப்பு, கடையைக் கொண்டுபோய் வீட்டுவாசலில் வைத்தது. அந்தக் கோடையில் தமிழ்நாடு முழுக்கப் பெண்கள் கடைகளை முற்றுகையிட்டதன் காரணம் இது. தீர்ப்பைத் தப்பு சொல்ல முடியாது. ஆனால் சாலையில் இருந்து தள்ளி வை என்று சொன்னவர்கள், எங்கே வைப்பது என்று யாரைக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை.

கேரளத்தில் இதற்கு வேறு வைத்தியம் கண்டார்கள். வடக்குப் பரவூரில் ஒரு பார், வாசலுக்கு முன்னால் வளைந்து வளைந்து போகிற நடைபாதை ஒன்றைக் கட்டி, நடக்கிற தூரத்தைக் கூட்டிக் காட்டியது. கோயில் கியூ வரிசை மாதிரி. குடிக்கிறதுக்குள் தெளிந்துவிடும்!

தமிழ்நாட்டு வைத்தியம் இன்னும் சுவையானது. உள்ளாட்சி மன்றங்கள் மதுவைப் பற்றித் தீர்மானம் போட வேண்டும் என்று அரசே கேட்ட அபூர்வமான சந்தர்ப்பம் அது. நகர எல்லைக்குள் ஓடுகிற மாநில நெடுஞ்சாலைகளை உள்ளாட்சிச் சாலையாக எடுத்துக்கொள்கிறோம் என்று தீர்மானம் போட்டு அனுப்புங்கள் என்று 2017 ஏப்ரலில் சுற்றறிக்கை போனது. சாலை நெடுஞ்சாலையாக இல்லாவிட்டால் 500 மீட்டர் கணக்கும் இல்லை பாருங்கள்! மாதக் கடைசியில் உயர் நீதிமன்றம் குறுக்கிட்டு, அப்படி மாற்றிய சாலைகளில் மூன்று மாதத்துக்குக் கடை திறக்கக் கூடாது என்றது.

இதில் இன்னொரு சங்கதி. அப்போது தீர்மானம் போட மன்றம் எங்கே இருந்தது? 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் நின்றுபோய், எல்லா இடத்திலும் தனி அலுவலர்கள்தான். காஞ்சிபுரம் மாவட்ட ஊராட்சிகளுக்கு 2021 அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது. ஆக, நெடுஞ்சாலைக் கடைகள் ஊருக்குள் இடம் தேடி அலைந்த காலம் முழுக்க பென்னலூர் மாதிரி ஊர்களில் தேர்ந்தெடுத்த தலைவர் கிடையாது, வார்டு உறுப்பினர் கிடையாது. கேட்பதற்கு ஆள் இல்லாத ஐந்து வருடம்.

பிற்பாடு 2017 ஜூலை 11இல் உச்ச நீதிமன்றம் நகராட்சி எல்லைக்குள் இருக்கும் கடைகளுக்கு அந்தத் தடை இல்லை என்று தெளிவுபடுத்தியது. 2018 பிப்ரவரி 23இல் இன்னும் ஒரு படி இறங்கி, ஓர் ஊராட்சிப் பகுதி நகரம் போல வளர்ந்திருந்தால் அதற்கும் விலக்குத் தரலாமா என்பதை மாநில அரசே முடிவு செய்துகொள்ளலாம் என்றது. ஹூண்டாய்க்குப் பக்கத்தில் இருக்கிற ஊராட்சி வளர்ந்த ஊராட்சியா இல்லையா? அதையும் ஊராட்சி சொல்லாது. கோட்டை சொல்லும்.

கிராம சபை பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி ஊரின் வாக்காளர் அத்தனை பேரும் அதன் உறுப்பினர்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள் கூடிக்கொண்டிருந்தது, பிறகு மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து ஆறானது. கூட்டம் செல்லுபடியாக வேண்டுமென்றால் ஆள் கணக்கு உண்டு: 500 பேர் வரை உள்ள ஊருக்கு 50 பேர், 3,000 வரைக்கும் 100, 10,000 வரைக்கும் 200, அதற்கு மேல் 300. இவ்வளவு பேர் உட்கார்ந்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்தும் கைநாட்டும் வைத்து, ‘எங்கள் ஊரில் மதுக்கடை வேண்டாம்’ என்று முடிவெடுத்தால் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. 2003 விதிகளைப் புரட்டினால் கோயில் இருக்கிறது, பள்ளி இருக்கிறது, கிராம சபை இல்லை. தீர்மானம் ஆட்சியருக்குப் போகும் ஒரு கோரிக்கைக் கடிதம், அவ்வளவுதான். சில வழக்குகளில் நீதிபதிகள் அதற்கு மதிப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் வழக்குப் போட்ட ஊருக்கு மட்டும் கிடைக்கிற மதிப்பை உரிமை என்று சொல்ல முடியாது.

கடையை மூடுவதும் இப்படித்தான் நடக்கிறது. 2016 மே மாதம் ஜெயலலிதா பதவியேற்றதும் 500 கடைகள். 2017 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி பதவியேற்றதும் 500 கடைகள். 2023 ஜூன் 22இல் ஸ்டாலின் அரசு 500 கடைகள். மூன்று தடவையும் அதே முழு எண். எந்த ஊரில் எதிர்ப்பு அதிகம் என்று கணக்கெடுத்தால் ஒரு தடவையாவது 487 என்றோ 613 என்றோ வந்திருக்காதா?

2015 ஜூலை 31ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில், பள்ளிக்கும் தேவாலயத்துக்கும் அருகே இருந்த கடையை அகற்றச் சொல்லி செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் உயிர் இழந்தார். ஒரு கடையை நகர்த்த வைக்க ஊரிடம் சட்டப்படி என்ன வழி இருந்தது என்று கேட்டால், டேப்பைத் தவிர வேறு பதில் இல்லை.

2023இல் வந்த எஃப்.எல்.12 கூத்தும் இதே வகை. மாநாட்டு அரங்கு, திருமண மண்டபம், விளையாட்டு மைதானம் ஆகியவற்றில் நிகழ்ச்சிக்கு மட்டும் மது பரிமாற சிறப்பு உரிமம் என்று அரசிதழில் வந்தது. கட்டணம் மாநகராட்சி, நகராட்சி, மற்ற இடங்கள் என்று தரம் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. அனுமதி ஆட்சியர் வழியாக. இங்கேயும் உள்ளாட்சி கட்டணப் பட்டியலின் தலைப்பாக மட்டும் வந்து போனது. கல்யாண வீட்டில் சரக்கா என்று எதிர்ப்பு கிளம்பியதும் திருமண மண்டபம் என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். (சொல்லை எடுத்தாலும் மண்டபத்துக்குப் பின்னால் நிற்கிற காரின் டிக்கி எங்கும் போகவில்லை என்பது வேறு விஷயம்.)

ஊராட்சிக்கு இதில் வருவது என்ன? ஓட்டல் கட்டடத்துக்கு வீட்டு வரி, அதாவது சொத்து வரி உண்டு. பார் மேசையில் விற்றதற்கு ஒரு பைசா கிடையாது. டாஸ்மாக் மூலம் மாநில அரசுக்கு 2023-24இல் வந்தது 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். மாநில நிதிக்குழுப் பங்கு என்று எல்லா ஊராட்சிக்கும் வருகிற தொகையில் அது எங்கேயோ கலந்து வரலாம். இந்த ஊரில் விற்றது என்பதற்காகத் தனியாக எதுவும் வராது. தனியாக வருவது குப்பை. உடைந்த பாட்டில், பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட். அள்ளுவது ஊராட்சியின் தூய்மைக் காவலர். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற திட்டம் 2022இல் நீலகிரியில் நீதிமன்றத்தின் நெருக்கடியால் தொடங்கி மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. வயல் வரப்பில் காலைக் கிழித்துக்கொண்டவர்களைக் கேட்டால், இந்தத் துறையில் உருப்படியாக நடந்த ஒரே காரியம் அது என்பார்கள்.

மற்ற இடங்களில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் வழி இல்லாமல் இல்லை. மகாராஷ்டிரத்தில் வாக்கெடுப்பே உண்டு. ஊரின் பெண் வாக்காளர்களில் 25 சதவீதம் பேர் மனுக் கொடுத்தால் தேர்தல் போல நடக்கும். சின்னம் இரண்டு: நின்ற பாட்டில், படுத்த பாட்டில். படுத்த பாட்டில் பாதிக்கு மேல் வாங்கினால் கடையை மூட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் ஒரு நொடியில் புரிகிற சின்னம். ராஜஸ்தானில் 1975ஆம் ஆண்டிலேயே இப்படி ஒரு விதி உண்டு. ராஜ்சமந்த் மாவட்டம் கச்பலி ஊராட்சியில் 2016இல் பெண்கள் முன்னின்று வாக்களித்துக் கடையை மூட வைத்தார்கள். அட்டவணைப் பகுதிப் பழங்குடி கிராமங்களுக்கு 1996ஆம் ஆண்டு பெசா சட்டம் மதுவைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே தருகிறது. தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் இல்லாததால் ஜவ்வாது மலைக்கும் கல்வராயன் மலைக்கும்கூட அது கிடையாது. கேரளத்தில் உள்ளாட்சியின் தடையின்மைச் சான்று தேவை என்று இருந்ததை 2017இல் அவசரச் சட்டம் போட்டு எடுத்தார்கள். கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்ட கணக்கு.

முழுக்க முழுக்க உள்ளூர் மன்றமே உரிமம் தருவது எப்படி இருக்கும் என்றால் இங்கிலாந்தைப் பார்க்கலாம். 2003ஆம் ஆண்டு உரிமச் சட்டம், 2005 நவம்பர் முதல் நடைமுறை. அதுவரை மாஜிஸ்திரேட் கையில் இருந்த வேலை கவுன்சிலுக்கு வந்தது. பப்போ, உணவகமோ, மூலைக்கடையோ, விண்ணப்பித்தவர் தன் வாசலில் வெளிர் நீலத் தாளில் ஓர் அறிவிப்பு ஒட்ட வேண்டும். ஏ4 அளவுக்குக் குறையக் கூடாது. எழுத்து 16 புள்ளிக்குச் சிறியதாக இருக்கக் கூடாது. 28 நாள் அது அங்கே இருக்க வேண்டும். அந்த 28 நாளுக்குள் பக்கத்து வீட்டுக்காரர் எழுதிப் போட்டால் மூன்று கவுன்சிலர்கள் உட்கார்ந்து இரு தரப்பையும் கேட்பார்கள். குற்றம், பாதுகாப்பு, தொந்தரவு, குழந்தைகள் என்ற நான்கு அடிப்படையில் மட்டும்தான் முடிவு. (ஸ்காட்லாந்தில் பொதுச் சுகாதாரம் ஐந்தாவது.) பிடிக்காதவர் 21 நாளுக்குள் நீதிமன்றம் போகலாம். ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் கடை வைத்திருக்கிற ஈழத்தமிழர்களுக்கு அந்த நீலத்தாள் நன்றாகவே தெரியும்.

அங்கேயும் எல்லாம் ஒழுங்கில்லை. ‘குடிப்பது தப்பு’ என்ற காரணம் அங்கே செல்லாது. பெரிய கம்பெனி வக்கீலோடு வந்தால் கவுன்சிலர்கள் தயங்குவதும் உண்டு. இங்கே அதிகாரத்தை அப்படியே ஊராட்சித் தலைவர் கையில் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதையும் யோசிக்காமல் இருக்க முடியாது. ஓட்டல்காரரின் உறை ஆணையர் அலுவலகத்துக்குப் போவதற்குப் பதில் தலைவர் வீட்டுக்குப் போகும், அவ்வளவு வித்தியாசம்தான். ஆனால் நீலத்தாள் வேறு விஷயம். அதற்கு யாருடைய அதிகாரத்தையும் பிடுங்க வேண்டியதில்லை. உரிமம் கேட்கிறவர் வாசலிலும், ஊராட்சி அலுவலகப் பலகையிலும் 28 நாள் ஒரு தாள். கோட்டை முடிவெடுக்கட்டும், ஊருக்கு முன்கூட்டித் தெரியட்டும். இன்றைக்கு ஊருக்குத் தெரிவது ஷட்டர் தூக்குகிற அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு மறியல், போலீஸ், வழக்கு.

அதுவரைக்கும் தொழிற்பேட்டை ஓரத்து ஊர்க்காரர்கள் செய்யக்கூடியது மூன்று. முதலில், ஊரின் பள்ளியும் கோயிலும் இருக்கிற சர்வே எண் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்று நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கி வைப்பது. தொழில் பகுதி என்று இருந்தால் டேப்பை நம்பிப் பயனில்லை. இரண்டாவது, கடை வருமுன்னே கிராம சபையில் தீர்மானம் போடுவது. வந்த பிறகு போட்டால் காகிதத்துக்கு இருக்கிற கொஞ்ச மதிப்பும் போய்விடும். மூன்றாவது, தீர்மானத்தின் நகலோடு திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிறவர்கள், மனு எண் போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்காமல் படி இறங்க வேண்டாம். நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால் வக்கீல் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.